தத்தகாரமும் கவிதையும்



மெட்டுக்கு எழுதுவது கவிதையாகுமா? நம் கூட்டங்களில் அடிக்கடி எழுந்து, விடை காணாமலே அமர்ந்துவிடும் வினா இது. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் 1965இல் அளித்த 'யெஸ்டர்டே' என்னும் பாடலைக் கொண்டு இதனை ஆராய விழைகின்றேன்.

அதன் மெட்டு பால் மெக்கார்ட்னிக்குக் கனவில் கிடைத்தது. விழித்தெழுந்து பியானோவில் வாசித்துப் பார்த்தார். அத்துணை எளிதாக வந்ததால் ஐயம் பிறந்தது. எங்கோ கேட்ட பிறர் மெட்டோ என அஞ்சிப் பல வாரங்கள் இசையறிந்தோரிடம் பாடிக்காட்டி வினவினார். எவரும் உரிமை கோராத பின்னரே தமதென ஏற்றார்.

மெட்டு மறவாதிருக்க அவர் முதலில் இட்ட சொற்கள் முட்டைப் பொரியலைக் குறித்தவை! நாம் 'தான தனன' என்று தத்தகாரம் வைத்துக்கொள்ளும் இடத்தில், அவர் காலையுணவை வைத்துக்கொண்டார். 1965 மே மாதம் போர்ச்சுகலில், நெடும்பயணம் ஒன்றில் உரிய சொற்கள் வாய்த்தன. 'நேற்று' எனப் பொருள்படும் சொல் பொரியலின் இடத்தில் வந்தமர்ந்தது. ஆங்கில அசைக்கணக்கில் முன்னதும் மூன்று, பின்னதும் மூன்று. ஓசை மாறவில்லை, பாடல் பிறந்துவிட்டது.

ஜூன் 14ஆம் நாள் இலண்டனில் ஒலிப்பதிவு தொடங்கியது. குழுவின் ஏனைய மூவரும் அதில் வாசிக்கவில்லை. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் நரம்பிசைக் கருவிகள் நான்கைச் சேர்த்தார். அவற்றின் நாதத்தில் நடுக்கம் மிகலாகாது என்றார் மெக்கார்ட்னி. துயரத்தை மிகைப்படுத்தாத இவ்வடக்கம் கவிஞர்கள் கருதத்தக்கது.

குழுவின் இயல்புக்கு ஒவ்வாதது என்று கருதி, பிரிட்டனில் அதனைத் தனித்தட்டாக அப்போது வெளியிடவில்லை, 1976இல்தான் வெளியிட்டனர். அமெரிக்காவிலோ 1965இலேயே தனித்தட்டாக வந்து நான்கு வாரம் முதலிடத்தில் நின்றது. 1986 தொடங்குமுன் 1,600 பதிவுகளில் பிறரும் அதனைப் பாடியிருந்தனர்.

இத்துணைக் குரல்கள் அதில் புக இடம் எங்ஙனம் கிடைத்தது? பிரிந்தவள் பெயர் பாடலில் இல்லை. பிரிவின் காரணமும் இல்லை. அகத்திணையில் தலைமக்கள் பெயர் சுட்டப்பெறாமைக்குத் தொல்காப்பியர் வகுத்த நெறியின் பயனும் இதுவேயன்றோ? பெயரற்ற இடத்தில் கேட்போர் தத்தம் இழப்பை வைத்துக்கொள்கின்றனர். மெக்கார்ட்னியின் அன்னை 1956இல், அவருடைய 14ஆம் வயதில் மறைந்தார். அத்துயரே அறியாமல் பாடலுள் புகுந்திருக்கலாம் எனப் பிற்காலத்தில் அவரே எண்ணினார். எழுதியவரும் தம் பாடலுக்குக் காலந்தாழ்ந்து வந்த சுவைஞராகிறார்!

சந்தத்துக்குள் நின்றே அருணகிரியார் திருப்புகழ் பாடினார். ஆகவே மெட்டின்மேல் பழியில்லை. பொரியலோடு நின்றுவிடும் சொற்கள் நம்மிடையே பலவுண்டு. அவற்றைத் தயங்காது ஒதுக்குவோம். ஆனால், உரிய சொல் வரும்வரை காத்திருந்து எழுதும் பாடலாசிரியரைக் கவிஞர் வரிசையில் அமர்த்த இப்பத்தாம் ஆண்டிலேனும் நம் மன்றம் முன்வர வேண்டும்.