வில்லை இல்லாத கண்



நாம் கறி வைக்கும் மைசூர்ப் பருப்பை உடைக்காமல் முழுதாக எடுத்துப் பாருங்கள். இருபுறமும் புடைத்து, ஓரம் மெலிந்திருக்கும். கண்ணுக்குள் இருக்கும் வில்லைக்கும் அதே வடிவம்தான். அந்தப் பருப்புக்குக் கிரேக்கத்தில் 'ஃபக்கோஸ்' என்று பெயர். இலத்தீனின் 'லென்ஸ்', அரபியின் 'அதஸா' ஆகிய சொற்களும் பருப்பிலிருந்து பிறந்தவையே. வில்லை இல்லாத கண்ணின் நிலையை வைத்தியர்கள் 'அஃபேக்கியா' என்பார்கள். பருப்பில்லாத கண் என்று நாம் சொன்னாலும் பிழையில்லை.

இலக்கிய நிகழ்ச்சியில் இந்த வைத்தியப் பேச்சு எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. நமது கதைகளில் சோடாப்போத்தல் கண்ணாடி போட்ட கிழவர்கள் நிறைய வருகிறார்கள். பெரும்பாலும் சிரிப்பதற்காகத்தான் வருகிறார்கள். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் என்ன பார்த்தார் என்று எழுதியவர்கள் குறைவு.

எண்பதுகள் வரையிலும், பல இடங்களில் அதற்குப் பின்னரும், கண்புரைச் சத்திரசிகிச்சை என்றால் மங்கிப்போன வில்லையை எடுத்துவிடுவதோடு சரி. அதன் இடத்தில் எதையும் வைப்பதில்லை. கண்ணின் ஒளி குவிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வில்லையுடையது. அதை ஈடுசெய்யத்தான் சுமார் 10 டயொப்டர் வலுவுள்ள அந்தத் தடித்த கண்ணாடி.

என் அப்பப்பா புத்தளத்து உப்பளத்தில் காலமெல்லாம் உப்பு வாரியவர். உச்சி வெயிலில் உப்புப் பாத்தியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த வெண்மை கண்ணைக் குத்தும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் 838 கடற்றொழிலாளரைப் பரிசோதித்து 1988 இல் வெளியான ஆய்வொன்று, வெயிலின் புற ஊதாக் கதிர் கூடுதலாகப் பட்டவர்களுக்கு ஒருவகைக் கண்புரை கூடுதலாக வருவதைக் காட்டியது. விளிம்புள்ள ஒரு தொப்பியே கண்ணில் படும் கதிரை நன்றாகக் குறைக்கும். நம் கரையில் தலைப்பாகை கட்டுவார்கள், ஆனால் அதற்கு விளிம்பில்லையே!

சத்திரசிகிச்சை முடிந்து வந்த அப்பப்பா தேநீரைக் கோப்பைக்கு இப்பாலேயே ஊற்றினார். படியில் தடுமாறினார். "கிழவனுக்கு நிதானம் தப்பிப்போச்சு" என்றார்கள் வீட்டார். அவருடைய நிதானத்தில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கண்ணாடி எதையும் கால்வாசிக்கு மேல் பெரிதாக்கிக் காட்டும். பெரிதாகத் தெரிவது கிட்ட இருப்பதாகத் தோன்றும். கை அந்தத் தூரத்திலேயே நின்றுவிடும்.

"கதவு நிலை நடுவில வளைஞ்சு நிக்குது, மகன்" என்பார் என்னிடம். அதுவும் உண்மை. நேர்கோடுகளை வளைப்பது அந்தக் கண்ணாடியின் குணம். ஓரத்தில் வளையம் போல ஒரு குருட்டுப் பகுதியும் உண்டு. பக்கத்திலிருந்து வருகிறவர் அதற்குள் மறைந்து, திடீரென்று முன்னால் முளைப்பார். எங்கள் வீட்டுப் பூனைக்கே அவர் திடுக்கிட்டிருக்கிறார்.

ஒருநாள் கரைக்குக் கூட்டிப்போனபோது கேட்டார்: "கடல் இப்பிடி நீலமா எப்ப ஆனது?" முதிர்ந்த வில்லை மஞ்சளாகி நீலத்தை மறைத்துவிடும். அதை எடுத்ததும் நீலம் திரும்பி வரும். பிரெஞ்சு ஓவியர் மோனே 1923 இல், 82 வயதில், ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு இதே நிறக் குழப்பத்தோடு போராடியிருக்கிறார். அவரைப் பற்றி நூல்கள் இருக்கின்றன. உப்பளத்துக் கிழவரைப் பற்றி இல்லை.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். மன்னாரிலிருந்து படகேறியோர் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். அவர்களில் ஒரு முதியவரை முகாமில் கண்டேன். கண்ணாடி கடலில் விழுந்துவிட்டது. குருடர் என்றே எல்லோரும் கையைப் பிடித்து நடத்தினார்கள். அவரோ பிஸ்கட் பெட்டி மட்டையில் ஊசியால் துளையிட்டு, அதைக் கண்ணருகே பிடித்து, எதிரே நிற்பவர் யார் என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். சிறுதுளை ஒளியை ஒடுக்கி மங்கலைக் குறைக்கும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ! வீடும் காணியும் போனவருக்கு அன்று முதலில் தேவைப்பட்டது அந்த இரண்டு தடித்த கண்ணாடித் துண்டுகள்.

இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் தெறித்த பேர்ஸ்பெக்ஸ் துணுக்குகள் அழற்சியின்றிக் கிடப்பதைக் கவனித்த ஹரோல்ட் ரிட்லி, 1949 நவம்பர் 29 இல் லண்டனில் முதலாவது செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் வைத்தார். சக வைத்தியர்கள் பலர் நெடுங்காலம் எதிர்த்தார்கள். அது வசதியற்றவர் கைக்கெட்ட இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஒரோலாப் 1992 இல் தயாரிக்கத் தொடங்கிய பிறகே நம் பக்கத்து நாடுகளில் அதன் விலை இறங்கியது.

இன்று அந்தத் தடித்த கண்ணாடியைக் கிழவர்கள் முகத்தில் காண்பது அரிது. கைக்குழந்தைகள் முகத்தில் காணலாம். பிறவிக் கண்புரையை எடுத்த மிகச் சிறிய குழந்தைக்கு உடனே செயற்கை வில்லை வைக்காமல், கண் வளரும்வரை கண்ணாடியோ தொடுவில்லையோ கொடுப்பதுண்டு. பஸ்ஸில் அப்படியொரு குழந்தையைக் கண்டால், "பாவம், பிள்ளைக்குப் பாரமாக இருக்கும், கழற்றிவிடுங்கள்" என்று தாயிடம் சொல்லிவிடாதீர்கள். தெளிவான உருவம் விழாத கண்ணுக்கு மூளை பார்வையைப் பழக்குவதில்லை. பிள்ளை பிடுங்கிப் பிடுங்கி எறிவதை எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டுவதே அந்தத் தாய்க்கு நாள் முழுதும் வேலை.