பன்றி வளர்ப்பவர் எங்கே போய் முறையிடுவார்?

(ராஜபாளையத்தில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



நம் ஊர்ப் பெயரை வெளியூர்களுக்குக் கொண்டுபோனது பஞ்சாலை மட்டுமல்ல, ஒரு நாயும்தான். 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ஒன்று ராஜபாளையம் நாய். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு இருந்தால்தான் அசல் என்பார்கள். தெருவில் திரிகிற நாய்க்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் 'பறையா டாக்'. ஒரு சமூகத்தின் பெயரை எடுத்து, யாருக்கும் சொந்தமில்லாத நாய்க்குச் சூட்டினார்கள். இன்றும் நாய்ப் பிரியர்கள் பலர் கூச்சமில்லாமல் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே, விலங்குப் பிரச்சினையில் சாதி எங்கே வந்தது என்று கேட்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இன்று நான் பேச வந்தது ஒரு சின்ன நிர்வாக விஷயம். நகராட்சி ஒரு விலங்கைப் பிடிக்கிறது, அல்லது பிடிக்க மறுக்கிறது. அந்த முடிவு தப்பு என்று நினைப்பவர் எங்கே போய்ச் சொல்வது? யார் கேட்பார்கள்?

2025 ஆகஸ்டில் தெருநாய் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். 11ஆம் தேதி ஓர் உத்தரவு, 22ஆம் தேதி அதில் திருத்தம். நாயைத் திரும்ப விடலாமா கூடாதா என்றுதான் எல்லோரும் சண்டை போட்டோம். அந்த இரண்டாவது உத்தரவில் இன்னொன்றும் இருந்தது. வழக்குக்கு வந்திருந்த தனிநபர்கள் தலா 25,000 ரூபாயும், தொண்டு நிறுவனங்கள் தலா 2 லட்சம் ரூபாயும் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அவர்கள் தரப்பைக் கேட்க மாட்டார்கள். நாய்களுக்கான வசதிக்குத்தான் அந்தப் பணம். இருக்கட்டும். ஆனால் பேசுவதற்கே ஒரு விலை வைத்தாகிவிட்டது.

உள்ளூருக்கு வருவோம். 2023இன் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்க்கு எந்த இடத்தில் உணவு வைப்பது என்று தகராறு வந்தால் ஒரு குழு அமைக்கச் சொல்கின்றன. கால்நடைத் துறை, காவல் துறை, விலங்கு நல அமைப்புகளின் ஆட்கள், புகார் கொடுத்தவர், குடியிருப்போர் நலச் சங்கப் பிரதிநிதி ஆகியோர் அதில் இருப்பார்கள். அவர்கள் சொல்வதே இறுதி முடிவு. சரி, நம் காலனித் தெருக்களில் எங்கே இருக்கிறது குடியிருப்போர் நலச் சங்கம்? நாய் கடிப்பதோ தெருவில் விளையாடும் நம் பிள்ளைகளைத்தான். அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் தடுப்பூசிக்கு 0, 3, 7, 28 என்று நான்கு நாள் போக வேண்டும். கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு நான்கு நாள் சம்பளம் போச்சு. "புகார் கொடுத்தும் யாரும் வரவில்லை" என்பதை எதிர்த்தும் அவர் முறையிட முடிய வேண்டும். எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவுதான்.

நாயைப் பற்றிப் பேச ஊரில் ஆள் உண்டு. பன்றிக்கு யார் பேசுவது? பல ஊர்களில் காட்டுநாயக்கர், குறவர், தலித் குடும்பங்கள் பன்றி வளர்க்கின்றன. அது அவர்களுக்குச் சேமிப்பு, கல்யாணச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு. நகராட்சிகள் செய்வது என்ன? ஆட்டோவில் மைக் கட்டி அறிவிக்கிறார்கள், பிறகு ஒருநாள் விடியற்காலையில் வண்டி வருகிறது. எத்தனை பிடித்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள், என்ன விலைக்குப் போனது என்று கையில் ஒரு துண்டுச் சீட்டு கிடைக்காது.

1871இல் வெள்ளைக்கார அரசு கால்நடை அத்துமீறல் சட்டம் கொண்டுவந்தது. நிலம் வைத்திருப்பவரின் பயிரைக் காக்க வந்த சட்டம்தான், பன்றி வளர்ப்பவர்மேல் பாசத்தில் வந்ததல்ல. ஆனால் அதில் கால்நடை என்ற சொல்லுக்குள் பன்றியும் அடக்கம். தப்பாகப் பிடித்துப் பவுண்டில் அடைத்தால் 10 நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம். எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. வாயால் சொன்னால் போதும், மாஜிஸ்திரேட் எழுதிக்கொள்ள வேண்டும். பிடித்தது தவறென்றால் பிடித்தவர் 100 ரூபாய் வரை நட்டஈடு தர வேண்டும். 150 வருஷத்துக்கு முன்னால் எழுதத் தெரியாதவருக்கு இருந்த வழி, இன்று மைக் வண்டிக்கு முன்னால் நிற்பவருக்கு இல்லை.

கேட்காமல் எடுத்த முடிவு செல்லாது என்பது புதிய தத்துவமும் அல்ல. பாஸ்போர்ட்டை முடக்கினால் காரணம் சொல்ல வேண்டும், பதிலைக் கேட்க வேண்டும் என்று 1978இல் தீர்ப்பு வந்தது. வழக்குப் போட்டவர் மேனகா காந்தி. நாய்களுக்காகப் பேசுகிற அதே மேனகா காந்திதான். 2024 மார்ச்சில் 23 வகை நாய்களை வளர்க்கத் தடை என்று ஒன்றிய அரசு சுற்றறிக்கை விட்டபோது, சம்பந்தப்பட்டவர்களைக் கேட்கவில்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சரியான தீர்ப்பு. பிட்புல் வைத்திருப்பவருக்குக் கிடைத்த அந்த நியாயம் பன்றி வைத்திருப்பவருக்கும் வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

மலையடிவாரத்தில் இதே கதை வேறு மாதிரி நடக்கிறது. மம்சாபுரம், சேத்தூர் பக்கம் காட்டுப்பன்றி தோட்டத்தை உழுதுவிட்டுப் போகிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த நடைமுறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் வனத்துறையினர் சுடலாம். அதற்கு ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனவர் அடங்கிய குழு பரிந்துரைக்க வேண்டும். பட்டா இல்லாமல் குத்தகைக்கு உழுகிறவர் இந்த மூவரிடமும் தைரியமாகப் போய் நிற்க முடியுமா? குழு தட்டிக்கழித்தால் அடுத்த படி எது?

என் யோசனை இது. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் பக்கத்துப் பக்கத்து நகராட்சிகள். ராஜபாளையம் எடுத்த முடிவின் மேல்முறையீட்டை ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்கட்டும், அங்குள்ளதை இங்கே. முடிவெடுத்தவரே மேல்முறையீட்டையும் கேட்டால் அது நாடகம். கேட்கும் குழுவில் பாதிக்கப்பட்ட தெருவிலிருந்து ஒருவரும் தூய்மைப் பணியாளர் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். கட்டணம் கூடாது, பட்டாவோ லைசென்ஸோ கேட்கக் கூடாது, வாய்மொழிப் புகாரை ஊழியர் எழுதிப் படித்துக் காட்ட வேண்டும். பிடித்த விலங்கை 10 நாளுக்கு விற்கவோ கொல்லவோ கூடாது. தீவனச் செலவு யாருடையது என்று கேட்பீர்கள். நகராட்சியுடையது. அவசரப்பட்டுப் பிடிக்காமல் இருக்க அதுவே ஒரு கடிவாளம்.

வெறிநாய் விஷயத்தில் பத்து நாள் காத்திருக்க முடியாது என்பது நியாயமான ஆட்சேபம். அதை உடனே தனியே அடைக்கத்தான் வேண்டும், கேள்வி கேட்பது பிறகு. பன்றியால் மூளைக்காய்ச்சல் பரவும் ஆபத்தும் உண்மை. பள்ளிக்கூட வாசலில் பன்றி மேயட்டும் என்று நான் சொல்லவில்லை. மாற்று இடமும் அவகாசமும் கேட்க ஒரு மேஜை வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று. பிடிக்கும் உத்தரவில் அதிகாரியின் பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டும். இன்றைக்குச் சண்டை முழுக்க வண்டியில் வருகிற தூய்மைப் பணியாளர்மேல்தான் விழுகிறது. பல நேரம் அவர் வீடும் பன்றிக்காரர் வீடும் ஒரே தெருவில் இருக்கின்றன. உத்தரவு போட்டவர் யாரென்று இருவருக்குமே தெரியாது.