சதையியின் சிறுதீவுகளும் காவற்கலங்களும்

இனிப்பை மிகுதியாய்க் கொடுத்தமையாற்றான் பிள்ளைக்கு நீரிழிவு வந்தது என்று பெற்றோர் தம்மையே நொந்துகொள்வதுண்டு. சிறுவரையும் இளைஞரையும் பெரும்பாலும் பற்றும் முதலாம் வகை நீரிழிவிற்கு அந்தப் பழி பொருந்தாது. குற்றவாளியை வேறிடத்தில் தேடவேண்டும்.

இரைப்பைக்குப் பின்னே கிடக்கும் சதையி என்னும் சுரப்பியினுள், கடலிடைத் தீவுகள் போலச் சின்னஞ்சிறு கலக்கூட்டங்கள் சிதறிக் கிடப்பதை 1869 ஆம் ஆண்டிற் பேர்லினில் மருத்துவ மாணவராயிருந்த பவுல் லாங்கர்ஹான்ஸ் கண்டெழுதினார். அவற்றின் தொழில் யாதென்று அவர் அறியார். அத்தீவுகளிலுள்ள பீற்றாக் கலங்களே இன்சுலினைச் சுரக்கின்றன என்பது பிற்காலத்திற் புலனாயிற்று. 1922 இல் ரொறன்ரோ நகரில் 14 வயதுச் சிறுவனொருவனுக்கு இன்சுலின் ஊசி ஏற்றப்பட்டபின், சாவையே முடிவாகக் கொண்டிருந்த நோய் மருந்துடன் வாழத்தக்க நோயாயிற்று. ஆயினும் பீற்றாக் கலங்கள் ஏன் அழிகின்றன என்னும் வினா எஞ்சி நின்றது.

1965 இல் பெல்ஜிய நாட்டு வைத்தியர் வில்லி கெப்ற்ஸ், நோய் கண்ட சிறிது காலத்துள் இறந்த 22 பேரின் சதையிகளை ஆராய்ந்து வெளியிட்டார். அவருள் 15 பேரின் சிறுதீவுகளை நிணநீர்க்கலங்கள் மொய்த்திருந்தன. இவை வெண்குருதிக்கலங்களுள் ஒரு வகை. கிருமி புகுந்தாற் பொருதும் காவற்படை. அழிவைத் துப்புரவாக்க வந்தனவோ, அழிவைச் செய்தனவோ?

ஐயத்தைத் தீர்க்க உதவியவர்கள் ஒத்த இரட்டையர். அமெரிக்காவின் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில், நோயற்ற ஒருவரின் சதையியிற் பாதியை எடுத்து, நெடுங்காலம் நீரிழிவால் வருந்திய அவருடைய இரட்டைப் பிறவிக்குப் பொருத்தினர். இருவரும் ஓரச்சில் வார்த்த உடலினர். ஆதலின் உடல் அதனை அந்நியமெனத் தள்ளாது என்பது எதிர்பார்ப்பு. உடல் தள்ளவுமில்லை, இன்சுலின் சுரந்தது. ஆனாற் சில கிழமைகளில் நீரிழிவு மீண்டது. பொருத்திய சதையியை ஆராய்ந்தபோது, பீற்றாக் கலங்கள் மட்டும் தேர்ந்தெடுத்து அழிக்கப்பட்டிருந்தன. அருகில் நிணநீர்க்கலங்கள் குழுமியிருந்தன. முன்னர்ச் சொந்தச் சதையியை அழித்த படை பழம்பகையை மறவாமற் காத்திருந்தது! இச்செய்தி 1984 இல் வெளியாயிற்று.

இப்படையின் முன்னணியில் நிற்பவை 'ரீ' கலங்கள். நெஞ்சறையிலுள்ள தைமசுச் சுரப்பியில் இவை பயிற்சி பெறுகின்றன. தன்னுடலையே பகையாகக் கருதுபவை அங்கேயே பெரும்பாலும் களையப்படுகின்றன. தப்பி வெளியேறுபவையும் சில உள. பரம்பரையும் சூழலும் ஒருங்கே இடங்கொடுத்தால், அவை பீற்றாக் கலங்களை இனங்கண்டு கொல்லத் தொடங்கும். தாகமும் மெலிவும் தோன்றுவதற்குப் பல மாதங்களோ ஆண்டுகளோ முன்னரே இப்போர் ஓசையின்றித் தொடங்கிவிடுகிறது.

அந்த இடைவெளியிற் கைவைக்க இயலுமா? 'ரீ' கலங்களை அடக்கும் தெப்பிலிசுமாப் என்னும் மருந்தை, நோய் வரக்கூடியவரெனக் குருதிச் சோதனையால் அறியப்பட்டோர்க்கு 14 நாள் கொடுத்துப் பார்த்தனர். 2019 இல் வெளியான முடிவின்படி, மருந்து பெறாதோர்க்கு நோய் வெளிப்பட்ட இடைநிலைக் காலம் ஏறத்தாழ 24 மாதம். பெற்றோர்க்கு 48 மாதம். 2022 இல் அமெரிக்கா இதற்கு அனுமதி வழங்கியது. இது நோயை ஒழிப்பதன்று. நோய் வெளிப்பட்டவர் இன்சுலினைக் கைவிடலாம் என்பதுமன்று. ஊசியின்றிப் பள்ளி சென்றுவர ஒரு பிள்ளைக்கு மேலும் ஈராண்டு கிட்டும், அவ்வளவே.