இருதயத்தின் எதிரொலி



குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகிற் செல்ல ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். நயினாதீவு அண்மையில் உள்ளது. ஊர்காவற்றுறைக்கோ தரைவழியும் உண்டு. எனினும், சோழகக் காற்று வீசும் இரவொன்றில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால், தீவில் வாழ்வோர் உள்ளத்தில் எழும் வினா ஒன்றே: நெஞ்சுக்குள்ளே என்ன நேர்கின்றது?

இவ்வினாவுக்கு முதலில் விடை பகர்ந்தது மின்சாரம். யாவாத் தீவிற் பிறந்து, ஒல்லாந்தின் லைடன் நகரிற் பேராசிரியராக விளங்கிய ஐந்தோவன் என்பார், இருதயத்தின் நுண்ணிய மின்னோட்டத்தை மெல்லிய இழை ஒன்றின் அசைவால் வரையும் கருவியை அமைத்தார். அதன் நிறை ஏறத்தாழ 270 கிலோகிராம். அதனை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் இயலாது. ஆகவே 1905ஆம் ஆண்டில், ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த நோயாளியின் இருதயக் குறிகளைத் தொலைபேசிக் கம்பி வழியே தம் ஆய்வுகூடத்திற்கு வருவித்தார். 1924இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது.

மின்வரைபு துடிப்பின் ஒழுங்கைக் காட்டும். ஆனால் உள்ளிருக்கும் வால்வு திறந்து மூடுவதைக் கண்முன் காட்டாது. சுவீடன் நாட்டின் லுண்ட் நகர வைத்தியர் இங்கே எட்லர் இக்குறையால் வருந்தினார். ஈரிதழ் வால்வு சுருங்கியிருந்தால் சத்திர சிகிச்சையால் விரிக்கலாம். அது ஒழுகும் வால்வாயின் அச்சிகிச்சை பயன்தராது, தீங்கும் விளைக்கும். எது சுருக்கம், எது ஒழுக்கு எனத் துணிவது எங்ஙனம்? கப்பலையும் விமானத்தையும் கண்டறியும் ரேடாரைப் போன்ற கருவி இதற்கு உதவுமா என்று அவர் வினவினார்.

அவ்வினா கார்ல் எல்முட் ஹேட்ஸ் என்னும் பௌதிக அறிஞரை எட்டியது. மின்காந்த அலைகளை மெய்ப்பித்த ஐன்றிக் ஹேட்ஸ் இவருடைய பாட்டனாரின் உடன்பிறந்தார். தந்தையார் குஸ்தாவ் ஹேட்ஸ் நோபல் பரிசு பெற்றவர். ரேடார் உதவாது, செவிக்குக் கேளாத ஒலி உதவும் என்றார் இவர். நம் கடற்றொழிலாளர் இதனை எளிதில் உணர்வர். குண்டு கட்டிய கயிற்றை இறக்கி எத்தனை பாகம் என்று பார்த்தது பழைய முறை. கடலடியில் மோதி மீளும் ஒலியைக் கொண்டு ஆழம் அறிவது புதிய முறை. இருதயச் சுவரும் வால்வும் அவ்வாறே எதிரொலிக்குமன்றோ?

கருவி கிடைத்தது வைத்தியசாலையிலன்று. மால்மோ நகரின் கப்பல் கட்டும் தளத்தில்! உலோகத்தின் உள்ளே வெடிப்புண்டா என்று சோதிக்கும் கருவி அது. ஹேட்ஸ் அதனைத் தம் மார்பில் வைத்துப் பார்த்தார். துடிப்புக்கேற்ப எதிரொலியும் அசைந்தது. சீமென்ஸ் நிறுவனத்திடம் இரவல் பெற்ற கருவியால், 1953 ஒக்ரோபர் 29ஆம் நாள், இருவரும் இருதயத்தின் அசைவை முதன்முதலாகப் பதிவு செய்தனர். இருதய அறையின் சுவர் என்று அவர்கள் முதலிற் கருதிய எதிரொலி உண்மையில் ஈரிதழ் வால்வின் முன்னிதழே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பிழையைத் திருத்திக்கொண்டமையாலேயே வால்வின் சுருக்கத்தை மார்பைத் திறவாமல் அறிய வழி பிறந்தது. 1977இல் இருவரும் லாஸ்கர் விருது பெற்றனர்.

இவ்வரலாறு தீவகத்துப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரியது. ஈரிதழ் வால்வு சுருங்குதற்குப் பெருங்காரணம் மூட்டுவாதக் காய்ச்சல். பள்ளிப் பிள்ளைக்குத் தொண்டை நோவு வருகின்றது. சில வாரங்களில் ஒரு மூட்டு வீங்கித் தணிய, மற்றொன்று வீங்குகின்றது. வளரும் பிள்ளையின் கால்நோவு என்று வீட்டார் இருந்துவிடுகின்றனர். ஆண்டுகள் பல கழிந்து, அப்பிள்ளை கருவுற்ற தாயாகி நிற்கும் வேளையில் மூச்சு முட்டுகின்றது. தக்க காலத்திற் பெனிசிலின் கொடுத்திருப்பின் இத்தீங்கைத் தடுத்திருக்கலாம்.

இன்று எதிரொலிக் கருவி கைப்பையில் அடங்கும். படகேறித் தீவுக்கும் வரவல்லது. மின்வரைபோ தொலைபேசி வழியே கடல் கடக்கும். ஆயினும் கருவி எவ்வளவு சிறுத்தாலும், பிள்ளையின் மூட்டு நோவைப் பொருட்படுத்தி வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் கை வேண்டும். எட்லர் வினவினார்; ஹேட்ஸ் செவிசாய்த்தார். பிள்ளை “நோகுது” என்று சொல்லும்போது செவிசாய்ப்பது நம் கடன்.