பால் மறக்கடிக்க அவசரம் வேண்டாம்
(நமது மகளிர் கூட்டத்தில் பேசியது)

நான் வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள், டாக்டர் இல்லை. என் கணக்கில் ஏற்பட்ட ஒரு தவறைச் சொல்லத்தான் வந்தேன்.

1988-ல் என் மகனுக்கு ஒன்றேகால் வயது. "இன்னுமா பால் கொடுக்கிறாய்?" என்று ஆளுக்கு ஆள் கேட்டதில், ஒரே நாளில் வேப்பிலையை அரைத்துத் தடவிவிட்டேன். இரண்டு ராத்திரி விடாமல் அழுதான். எனக்கோ பால் கட்டிக் காய்ச்சல்.

என் மருமகள் நிதானமாகச் செய்தாள். முதலில் மத்தியானப் பாலை மட்டும் நிறுத்திப் பருப்பு சாதம் ஊட்டினாள். ஒரு வாரம் கழித்துச் சாயந்திரப் பால். தூங்கும் நேரத்துப் பாலைக் கடைசியாகத்தான் நிறுத்தினாள். நடுவில் குழந்தைக்கு ஜுரம் வந்ததும் தள்ளிப்போட்டாள். இரண்டு மாதம் ஆனது. பெரிய அழுகை இல்லை, பால் கட்டவும் இல்லை.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எப்போது நிறுத்துவது என்பது அந்தத் தாயின் முடிவு.

லிஃப்டில் பார்க்கும் இளம் தாயிடம் இனி "இன்னுமா?" என்று கேட்காதீர்கள். "நீ சாப்பிட்டாயாம்மா?" என்று கேளுங்கள்.