நத்தார் நாடகம் நாவலான விதம்



நத்தார் காலம் நெருங்கியதும் தேவாலயங்களிலும் பாடசாலை ஒளிவிழாக்களிலும் பாலன் பிறப்பு நாடகம் அரங்கேறுவது வழக்கம். வெள்ளாடை உடுத்த வானதூதர், தலையில் துணி கட்டிய இடையர், பொன்னிறத் தாளால் முடி செய்தணிந்த மூவரசர், பொம்மைக் குழந்தையை மடியில் ஏந்திய மரியாள் ஆகிய எல்லாரும் நமக்குப் பழக்கமானவர்களே. இத்தாலி நாட்டின் கிரேச்சியோ என்னும் ஊரில், 1223ஆம் ஆண்டு, அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு பெத்லகேம் காட்சியை அமைத்துக் காட்டினார். எண்ணூறு ஆண்டுகள் கழிந்தும் அக்காட்சி பெரிதும் மாறவில்லை.

தொடக்கமும் முடிவும் யாவரும் அறிந்த இத்தகைய நாடகத்தை நாவலாக்குவது எளிதன்று. அடுத்து என்ன நிகழுமோ என்னும் ஆவலே நாவலுக்கு உயிர். பெத்லகேமில் என்ன நிகழும் என்பதோ சிறு பிள்ளைக்கும் தெரியும். இந்த இடரை வென்றவர் அமெரிக்க எழுத்தாளர் பார்பரா றொபின்சன். 1967ஆம் ஆண்டு சஞ்சிகை ஒன்றில் அவர் எழுதிய கதை, 1972ஆம் ஆண்டு சிறு நாவலாக வெளிவந்தது. ‘எக்காலத்தும் சிறந்த நத்தார் நாடகம்’ என அதன் பெயரைத் தமிழிற் கூறலாம்.

அவர் கையாண்ட வழி யாது? மேடையில் நிகழ்வதைத் திரும்பக் கூறாமல், திரைக்குப் பின்னால் நிகழ்வதைக் கூறினார். ஊரிலே ஹேட்மன் குடும்பத்துப் பிள்ளைகள் அறுவர். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுப் போனவர். தாய் சப்பாத்துத் தொழிற்சாலையில் ஓய்வின்றி உழைப்பவள். பிள்ளைகளோ பொய், களவு, அடிதடி, சுருட்டு என எதற்கும் அஞ்சாதவர்கள். ஞாயிறு பாடசாலையில் தின்பண்டம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டுத் தேவாலயத்திற்கு வந்த இவர்கள், மற்றப் பிள்ளைகளை அச்சுறுத்தி, நாடகத்தின் முதன்மைப் பாத்திரங்களையெல்லாம் தமதாக்கிக் கொள்கிறார்கள். ஊரார் கொதிக்கின்றனர். இவர்களை விலக்கிவிட வேண்டுமென்பது பலரின் விருப்பம். சிறுவரைத் தம்மிடம் வரவிடுமாறு கிறிஸ்து கூறியபோது எல்லாச் சிறுவரையுமே கருதினார் என்று போதகர் நினைவூட்டுகிறார். கதையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. யாருக்காகக் கூறப்பட்ட செய்தியோ, அவர்களையே வாசலில் நிறுத்தலாமா என்னும் வினா எழுகிறது.

இப்பிள்ளைகள் பாலன் பிறப்பு வரலாற்றை முன்பு கேட்டதே இல்லை. ஆகவே, ஒத்திகையின்போது அதை முதன்முறையாகக் கேட்கிறார்கள். நிறைமாதப் பெண்ணுக்கு விடுதியில் இடமில்லை என்றதும் சினங் கொள்கிறார்கள். குழந்தையைக் கொல்லத் தேடிய ஏரோதை யாரும் தண்டிக்கவில்லையா எனக் கேட்டு, நூல்நிலையம் சென்று அவனைப்பற்றித் தேடிப் படிக்கிறார்கள். மற்றவர்கள் பழக்கத்தினாற் கேளாமற் கேட்ட வரலாறு, இவர்களுக்கு நேற்று அயல்வீட்டில் நடந்ததைப் போலிருக்கிறது. நாவல் இழந்திருந்த ஆவலை ஆசிரியர் இவ்வாறு மீட்டெடுக்கிறார். வாசகரும் அப்பிள்ளைகளின் செவிகொண்டு கதையைப் புதிதாகக் கேட்கின்றனர்.

நாடக இரவில் மரியாளாக வரும் இமொஜீன், பொம்மைக் குழந்தையை உண்மையான குழந்தைபோல் தோளிற் சாய்த்து முதுகில் தட்டுகிறாள். மூவரசராக வரும் அவளுடைய உடன்பிறந்தார், பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் கொண்டுவரவில்லை. தம் வீட்டுக்குத் தருமமாகக் கிடைத்த உணவுக்கூடையிலிருந்த பன்றித் தொடை இறைச்சியைக் கொண்டுவந்து காணிக்கையாக வைக்கிறார்கள். திருப்பித் தந்தபோதும் வாங்க மறுக்கிறார்கள். வறியவர் வீட்டின் நத்தார் விருந்தே அது. இதனை மேடையிற் காட்டலாம். ஆனால் அது எங்கிருந்து வந்தது, கொடுத்தவருக்கு எத்தகைய இழப்பு என்பதை நாவலே உணர்த்தவல்லது. இவற்றையெல்லாம் கண்டு கூறுபவள், நாடகத்தை நடத்தும் தாயின் மகளான ஒரு சிறுமி. அவள் அறிவுரை கூறவில்லை, கண்டதைக் கூறுகிறாள். அதனால் நகைச்சுவை குன்றவில்லை, உருக்கமும் மிகைப்படவில்லை.

பின்னர் ஆசிரியரே இந்நாவலை நாடகமாக்கினார். 1983இல் தொலைக்காட்சியிலும் 2024இல் திரையரங்குகளிலும் இக்கதை படமாக வந்தது. மேடையிலிருந்து நூலுக்குச் சென்றது மீண்டும் மேடைக்கே வந்து சேர்ந்தது.

நேயர்களே, தம் ஊர்த் தேவாலயத்து நாடகத்தைக் கதையாக்க விரும்புவோர் நம்மிடையேயும் இருக்கக்கூடும். வானதூதரின் வசனங்களை அவர்கள் அழகுபடுத்தி எழுதத் தேவையில்லை. ஒத்திகை நடக்கும் மண்டபத்தின் யன்னலருகே, பாத்திரம் எதுவும் கிடைக்காமல் நின்று எட்டிப் பார்க்கும் பிள்ளை யார் என்று முதலிற் கவனிக்கட்டும். அப்பிள்ளையை உள்ளே அழைத்தால் என்ன நிகழும் என்று எண்ணத் தொடங்கினால், கதையும் தொடங்கிவிடும்.