கூட்டக் கணக்கும் குடிக் கணக்கும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் நடைபெறும் போதைத் தடுப்புப் பணிகளை மதிப்பிட்டுப் பேசுமாறு எங்களைப் பணித்துள்ளீர்கள். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மீனவர்களும், 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் நம் மக்கள் பலர் உட்பட அறுபதுக்கும் மேற்பட்டோரும் மெத்தனால் கலந்த சாராயத்தால் மாண்டனர். ஆகவே இஃது ஏட்டளவில் பேசித் தீரும் பொருளன்று.

இத்தனை கூட்டம், இத்தனை உறுதிமொழி, இத்தனை துண்டறிக்கை என்று அறிக்கைகள் வருகின்றன. இவை உழைப்பின் கணக்கே தவிர விளைவின் கணக்கல்ல. அமெரிக்காவில் 1983இல் தொடங்கிய ‘டேர்’ திட்டத்தில் காவலர்கள் பள்ளிதோறும் சென்று பாடம் நடத்தினர், பாராட்டும் குவிந்தது. பின்னர் மாணவர்களைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தபோது, பாடம் கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் நிலையான வேறுபாடு பெரிதாக இல்லை எனக் கண்டனர்.

நம் ஏரியிலோ இன்னொரு சிக்கலும் உண்டு. மழைக்காலத்தில் முகத்துவாரம் திறந்து இறால் ஏறும். கோடையில் மணல் மூடினால் வலை வெறுமையாகும். பாடு முறையுள்ள குப்பங்களில் முறை வந்த நாளில்தான் நல்ல வருவாய். பாட்டுரிமை இல்லாத நம் மக்களின் நிலை இன்னும் வேறு. கார்த்திகையில் குடியைக் கணக்கிட்டுச் சித்திரையில் மீண்டும் கணக்கிட்டால் குறைந்தே காணும். குறைத்தது கையில் காசில்லாமை. அதைத் திட்டத்தின் வெற்றியென எழுதிவிடுகிறோம்! ஒரே பருவத்தில், ஓராண்டு இடைவிட்டு, திட்டம் நுழையாத அடுத்த குப்பத்தோடு ஒப்பிட்டு அளத்தல் வேண்டும்.

ஏரியின் பெரும்பகுதி முன்னர் நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்துத் தூபகுண்டாவில் அறிவொளி வகுப்பில் எழுத்தறிந்த பெண்கள், 1990களின் தொடக்கத்தில் சாராயக்கடையை மூடச் செய்தனர். ஊர்தோறும் போராட்டம் பரவியது. சாராய ஏலங்கள் நின்றன. 1993 அக்டோபரில் ஆந்திரம் முழுவதும் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995இல் வந்த முழு மதுவிலக்கோ 1997இல் தளர்ந்தது. 1995இல் அளந்தவர் வெற்றி என்பார். 1997இல் அளந்தவர் தோல்வி என்பார். அப்பெண்கள் நாளொன்றுக்கு ஒரு ரூபாய் சேமித்த ‘பொதுபுலட்சுமி’ குழுக்களை இருவரும் கணக்கில் சேர்க்கவில்லை என்பதே எங்கள் குறை.

கேட்பவர் யார் என்பதும் முக்கியம். துண்டறிக்கை கொடுத்தவரே சென்று “குடிக்கிறாயா?” என்றால், “இல்லை ஐயா” என்றே விடை வரும். தாய்மாரைத் தனியே கேட்போம்: மீன் விற்ற பணத்தில் எவ்வளவு வீடு வந்தது? அடகு வைத்த நகை மீண்டதா? எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டுப் படகேறினர்? கடைசிக் கேள்விக்குரிய விடை நம் இரவுப் பள்ளிகளின் வருகைப் பதிவேடுகளிலேயே இருக்கக்கூடும். அவற்றைப் பருவவாரியாகப் பிரித்துப் பார்க்க இளைஞர் சிலர் முன்வந்தால், கணக்கிடும் பணியில் நாங்களும் உடனிருப்போம்.